வராத ஓட்டுநருக்குக் கட்டிய முன்பணம்

முடி வெட்டும் கடையில்கூட நான் முன்பணம் கட்டுவதில்லை. எங்கள் தெருவில் ஒரு கடை இருந்தது. ஒரு வருடத்துக்கு இப்போதே கட்டினால் பாதி விலை என்று அட்டை கொடுத்தார்கள். அடுத்த மாதம் போனால் கதவில் சங்கிலி, உள்ளே நாற்காலிகூட இல்லை. எங்கள் நிங்போ நகரத்தில் எல்லோர் வீட்டு மேசை இழுப்பறையிலும் அப்படி ஓர் அட்டை கிடக்கும், உங்கள் வீட்டிலும் கிடக்கும். அதனால் கார் வாங்கப் போன அன்று நான் தடுத்துச் சொன்னேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் கே யோங்நியான் வெளியூர்ப் பேருந்து ஓட்டியவர். வேலையில் இருந்தவரை ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. ஓய்வு பெற்ற மறுவருடம் அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. செய்தித்தாளைச் சுருட்டி அதன் வழியாகப் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்பார். இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேரன் பேத்தி எடுத்த வயதில் நான் போய் உரிமம் வாங்கினேன். அவர் பக்கத்து இருக்கைக்கு வந்தார்.

"ஏன் இப்படிக் குலுக்குற? சந்தைக்குப் பன்னி ஏத்திட்டுப் போறியா?"

"முன்னாடி லாரி நிக்குதுங்க."

"எனக்குத் தெரியல, சரி. உனக்குத் தெரியுதில்ல? அப்புறம் எதுக்கு அதோட முதுகுல போய் மூக்கை இடிக்கிற?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் மோசமாகத்தான் ஓட்டுவேன். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவர் விரல் முட்டியால் முன்பலகையில் தட்டுவார், பேருந்தில் நடத்துநர் தட்டுவதுபோல. வண்டியை நிறுத்தி வீட்டுக்கு வந்த பிறகும் என் காதில் அது கேட்டுக்கொண்டிருக்கும். சமைக்கும்போதும் கேட்கும்.

இந்தக் காரை அவர்தான் தேடிப் பிடித்தார். பேரங்காடியின் கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சுவர் போட்ட கார்க் கடை, லு என்ற விற்பனையாளர். தானே ஓடும் வசதிக்குத் தனியாக ஒரு தொகை கேட்டார்கள். வசதி இன்னும் வரவில்லை, தொகை மட்டும் இன்றைக்கே.

"மாமா, இப்பவே கட்டிட்டா இந்த விலை. வந்த பிறகு வாங்கினா ரெண்டு மடங்கு," என்றார் லு.

"வந்த பிறகே வாங்கிக்கிறோம்ப்பா," என்றேன். "வராத பஸ்ஸுக்கு யாராவது டிக்கெட் எடுப்பாங்களா?"

"இது பஸ் இல்ல அத்தை. ராத்திரி தூங்கி எந்திரிச்சா கார்ல சாஃப்ட்வேர் தானா இறங்கியிருக்கும். வருஷக் கடைசிக்குள்ள வந்துடும். அப்புறம் மாமா ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம், சாஞ்சு உக்காந்து டீ குடிக்கலாம்."

நான் மறுபடி வாயைத் திறந்தேன். என் கணவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "காசு என்னோட ஓய்வுப் பணம். கண்ணும் என்னோட கண்ணு. நீ கம்முனு இரு."

இருந்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஒரே கேள்வி. "வந்துச்சா?" கைப்பேசியின் சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது. நிறுவனத்தின் அறிவிப்பு, மின்கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, தெருவில் தொங்கும் பலகை எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். "இன்னும் இல்லை" என்பேன். அவர் தலையாட்டிவிட்டுச் சோற்றைக் கிளறுவார். வருடக் கடைசி போனது, அடுத்த வருடக் கடைசியும் போனது. லு இருந்த கடை பால் தேநீர்க் கடை ஆகிவிட்டது. விரைவுச்சாலையில் கோடு தவறாமல் நேராகப் போகிற அளவுக்குக் காருக்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் கையை எடுத்தால் உடனே கூவும். அந்தக் கூவல் நிற்கிற நாளில் தான் மறுபடி ஓட்டுநர் ஆகிவிடலாம் என்று அவர் நம்பிக் காத்திருந்தார். வேறு எதற்கும் அவர் காத்திருக்கவில்லை. உரிமத்தைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை, தலையணை உறைக்குள் வைத்திருந்தார்.

இந்த வசந்தத்தில் அறிவிப்பு வந்தது. எங்கள் வருடத்துக் கார்களில் உள்ள சிப் போதாதாம், ஆகவே அந்த வசதி வரவே வராதாம். ஈடாகக் கடைப்புள்ளிகள் தருவார்கள், அவற்றைக் கொண்டு குடையோ தண்ணீர்க் குடுவையோ வாங்கிக்கொள்ளலாம். இரண்டு தடவை படித்தேன். அவர் எதிரே உட்கார்ந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சா?"

முந்தின வாரம் சம்பந்தி வீட்டு விருந்தில் அவர் ஒன்று சொன்னார். "இவ ஓட்டுற வண்டியில உக்கார்றதுக்குக் கண்ணு போனதே நல்லதாப் போச்சு, பாத்துத் தொலைக்க வேண்டாம்." மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், நன்றாகத்தான் சொல்லியிருந்தார். அந்தக் கோபத்தில் செய்தேன் என்று எழுதாதீர்கள். கோபம் வந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். எனக்கு ஒன்றும் வரவில்லை, குளிர்காலத்தில் குழாயடியில் கீரை அலசிய கை மாதிரி மரத்துப்போய் இருந்தது. உண்மையைச் சொன்னால் மனிதர் உடைந்துபோவார், அது மட்டும் தெரிந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவரை உடைக்க யாருக்கு மனம் வரும்?

"வந்துடுச்சு," என்றேன்.

அவர் முள்ளைக் கீழே வைத்தார். "மறுபடி படி."

மறுபடி படித்தேன், அதாவது படிப்பதுபோல் சொன்னேன். இனிக் கையை வைக்கத் தேவையில்லை, திருப்பம், சாலையை விட்டு வெளியேறும் வெளிவழி எல்லாவற்றையும் காரே பார்த்துக்கொள்ளும் என்று அழகாகவே சொன்னேன். அவர் அழுதார். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு அவர் அப்படி மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

மீதி வேலை கூவலை நிறுத்துவதுதான். ஸ்டியரிங்கில் மாட்டுகிற எடைக்கட்டி உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் போலீஸ்காரர்கள்தானே தடை செய்தீர்கள். மாட்டினால் கை இருக்கிறது என்று கார் நினைத்துக்கொள்ளும். இப்போது அதைக் கைப்பேசித் தாங்கி என்ற பெயரில் இணையத்தில் விற்கிறார்கள். பொன்மீன் பொம்மை வைத்தது ஒன்று வாங்கினேன். எங்கள் கார் விலை குறைந்த ரகம், முகத்தைப் பார்க்கும் கேமரா அதில் கிடையாது. முதலில் நானே விரைவுச்சாலையில் கையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். கூவவில்லை. பொறுப்பில்லாமல் எதையும் நான் செய்யவில்லை.

"இது என்ன, மீனு?" என்று தடவிப் பார்த்துக் கேட்டார்.

"ராசிக்கு."

"கார் தானா ஓடுற காலத்துல உனக்கு ராசி," என்று சிரித்தார். அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தார்.

முன்னோரைக் கும்பிடும் சிங்மிங் நாளுக்கு அவருடைய அப்பாவின் கல்லறையைத் துப்புரவாக்க ஊருக்குப் புறப்பட்டோம். சுங்கச்சாவடி வரை நான் ஓட்டினேன், பிறகு இடம் மாறிக்கொண்டோம். நேரான சாலை. அவர் கையை எடுத்துத் தொடைமேல் வைத்தார். கார் தன் பாட்டுக்குப் போனது.

"பாத்தியா, எப்படிப் போகுது பாரு. ஒரு குலுக்கல் இருக்கா? இதுதான் ஓட்டுறது. பாத்துக் கத்துக்க."

"கத்துக்கறேன்."

கொஞ்ச தூரம் போனதும் சாலைக்கு மேலே மின்பலகை வந்தது. ஓய்வுத்தலத்தைத் தாண்டி இடது தடத்தில் பராமரிப்பு வேலை, வண்டிகள் நிற்கின்றன, வேகத்தைக் குறைக்கவும் என்று ஓடியது. நிற்கிற பராமரிப்பு லாரியை எங்கள் ரகக் கார் கண்டுகொள்வதில்லை என்று கார் உரிமையாளர்களின் கைப்பேசிக் குழுவில் பேசிக்கொள்வார்கள். படங்களும் போடுவார்கள். ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறேன். நாங்கள் போய்க்கொண்டிருந்தது வேகமாகப் போகிறவர்களுக்கான அந்த இடது தடம்.

"என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டார்.

"பெல்ட் போடச் சொல்றான்."

"போட்டுத்தானே இருக்கேன்."

ஓய்வுத்தலத்துக்குள் நான் வலது, இடது சொல்லச் சொல்ல அவரே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். தனியாக ஒரு சுற்றுப் போய்வருகிறீர்களா என்று கேட்டேன். அடுத்த வெளிவழியில் கார் தானே திரும்பி எதிர்ப்பக்கத்து ஓய்வுத்தலத்துக்கு வந்துவிடும், நடைமேம்பாலம் ஏறி நான் அந்தப் பக்கம் வந்து நிற்கிறேன் என்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் சீருடை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பாரே, அந்த முகம்.

"என்ன, என்கூட வரப் பயமா?"

"பயம் இல்ல. எத்தனை வருஷமாச்சு நீங்க தனியா ஓட்டி."

"அதுவும் சரிதான். இங்க இலையில கட்டி அவிச்ச சோங்சி நல்லா இருக்கும். எனக்கு ரெண்டு வாங்கி வை, உப்பு முட்டைக்கரு வெச்சது. ஆறிடாம மூடி வை."

மறுபடி இடது தடத்தையே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அது அவருக்குப் பிடித்த தடமும்கூட. வழிவிடாத லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டு பேருந்தில் அந்தத் தடத்தில்தான் போவார்.

லாரிக்குப் பின்னால் சாலைக் கூம்பு அடுக்கிக்கொண்டிருந்து செத்துப்போன தொழிலாளியின் பெயர் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்றீர்கள். பலகையில் வண்டிகள் என்றுதான் போட்டிருந்தது, ஆட்கள் என்று போடவில்லை. போட்டிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன்.

தெரிந்தே அனுப்பினாயா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். லாரி நிற்பது தெரியும், கார் அதைப் பார்க்காது என்பதும் தெரியும். ஆனால் அவர் கெட்டிக்கார ஓட்டுநர், எப்படியும் வளைத்துக்கொண்டு போய்விடுவார் என்று முழு மனதாக நம்பினேன். அவர் திரும்பி வந்து நின்றிருந்தால் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருப்பேன். அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அவர் கிளம்பியதும் நான் நேரே கடைக்குத்தான் போனேன். ஆவி பறக்கிற அண்டாவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். எத்தனை வேண்டும் என்று கேட்டாள். ஒன்று என்றேன்.