ஆடாத கை

கேமராவோடு சேர்த்து மூன்று கிலோ வருகிற லென்ஸைக் கையில் தூக்கிப் படம் எடுப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை, மேடம். நீங்கள் இன்ஸ்பெக்டர், துப்பாக்கி பிடித்திருப்பீர்கள், உங்களுக்கே தெரியும். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கும், மூச்சு வாங்கும், படம் கலங்கிவிடும். அதனால்தான் பதினோரு வருடமாக நான் ட்ரைபாட் இல்லாமல் ஏரிக்கரைக்குப் போனதில்லை. மூன்று காலையும் மண்ணில் ஊன்றி, மட்டம் பார்த்து, திருகுகளை இறுக்கிவிட்டுத்தான் லென்ஸின் மூடியையே கழற்றுவேன்.

சூர்யநாராயணன், பெருங்களத்தூரில் வீடு, இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. இதையெல்லாம் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டீர்கள். மனைவி சுப்ரஜா தாம்பரத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பீர்க்கன்காரணை ஏரிக்கு என்னோடு வருவாள். பல வருடம் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தவள், போன வருடம் சொந்தமாக ஒரு கேமராவோடு வந்தாள்.

அதை அவள் எதன்மேலும் வைக்கமாட்டாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடது கையில் லென்ஸை ஏந்திக்கொள்வாள், அவ்வளவுதான். மீசை ஆலா என்று ஒரு பறவை குளிர்காலத்தில் வரும். தண்ணீருக்கு மேலே திரும்பித் திரும்பிப் பறந்து, திடீரென்று விழுந்து, மீனைக் கவ்விக்கொண்டு எழும். அந்தக் கணத்தை நான் ஒருமுறைகூட எடுத்ததில்லை. ட்ரைபாட்டைத் திருப்புவதற்குள் போய்விடும். சுப்ரஜா மூன்றாவது வாரமே எடுத்துவிட்டாள்.

எங்களோடு ஜெரோம் என்று ஒருவன் வருவான். அலுமினிய ஜன்னல் மாட்டுகிற வேலை, வாய் கொஞ்சம் நீளம். "யக்கா கை இன்னா கை சார்! ஆணி அட்ச்ச மாதிரி நிக்குது. நீங்க மூணு காலையும் விரிச்சி வெக்கறதுக்குள்ள பறவை வேளச்சேரி போய்ட்டுத் திரும்பி வந்துகினு கீது" என்றான். கரையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சுப்ரஜாவும் சிரித்தாள். அவள் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

அந்தப் படம் பறவை ஆர்வலர்கள் போடுகிற நாட்காட்டிக்கு அட்டைப்படம் ஆனது. பாராட்டுக் கூட்டத்தில் என்னை "மேடத்தோட ஹஸ்பெண்ட்" என்று அறிமுகம் செய்தார்கள். பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனாலும் நான் அவள் நல்லதற்குத்தான் யோசித்தேன். என் மோனோபாடை, அந்த ஒற்றைக்கால் தாங்கியை, அவளிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்குங்க அந்த ஒத்தைக்கால்? பறவை போற பக்கம் கை தானா போகுது" என்றாள்.

எனக்குத் தைராய்டு உண்டு. தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. முன்பொரு தடவை டாக்டர் கொடுத்த அளவு எனக்கு ஒத்துக்கொள்ளாமல் போய், இரண்டு மாதம் என் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. பிறகு அளவைக் குறைத்தார்கள். பழைய அட்டைகள் அலமாரியில் அப்படியே இருந்தன. சுப்ரஜா காலையில் எழுந்ததும் தேன் கலந்த வெந்நீர் குடிப்பாள். அதைக் கலந்து கொடுப்பது கல்யாணமான நாளிலிருந்து என் வேலை.

ஒரு வாரத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் அவள் எடுத்த படம் அத்தனையும் கலங்கியிருந்தது. காரில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டு அழுதாள். நான்தான் கண்ணைத் துடைத்துவிட்டேன். மறுவாரம் மோனோபாடை அவளே கேட்டு வாங்கினாள். பிறகு அதுவும் போதவில்லை. ட்ரைபாட் அவளுக்குப் பழக்கமில்லை. கடைசியில் நான் அவளுக்கு முன்னால் நின்றேன், அவள் லென்ஸை என் தோளில் வைத்துக்கொண்டாள். பறவை திரும்புகிற பக்கம் நானும் மெல்லத் திரும்புவேன். அவள் படம் எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

"நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றாள். இருபது வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை, மேடம். எங்கள் வாழ்க்கையிலேயே அந்த ஒரு மாதம்தான் மிகவும் சந்தோஷமாக இருந்தோம்.

டாக்டரிடம் போகலாம் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். வயசானால் வருகிற படபடப்புதான், போகப் போகச் சரியாகிவிடும் என்றேன்.

ஒரு ஞாயிறு, என் தோளில் வைத்தபடியே அவள் மறுபடியும் ஆலாவை எடுத்துவிட்டாள். அலகில் மீன், இறக்கையிலிருந்து தெறிக்கிற தண்ணீர், எல்லாம் துல்லியம். ஜெரோம் கேமராவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, கை ஆடிக்கினு இருந்தும் பின்னிட்ட யக்கா!" என்றான். மற்றவர்களும் கூடி நின்று பார்த்தார்கள். யாருடைய தோள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து மாத்திரையைக் கூட்டினேன்.

போன ஞாயிறு அவள் கரையிலேயே சரிந்து விழுந்தாள். இதயம் தாறுமாறாக அடிக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். தைராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அது பொய் இல்லை, மேடம். அவளாக எடுத்து ஒன்றும் சாப்பிடவில்லை, நான்தான் கொடுத்தேன். இரண்டரை மாதம் தினமும் பொடித்து, தேனில் குழைத்துக் கொடுத்தேன். நெஞ்சு நின்றுபோகலாம் என்று எனக்குத் தெரியும். மாத்திரை அட்டையோடு வந்த தாளில் எழுதியிருந்தது, படித்தேன்.

என்னை உள்ளே விடவேண்டாம் என்று அவளே சொன்னதாக நர்ஸ் சொல்கிறார். மயக்கத்தில் ஏதோ உளறியிருப்பாள். ஐ.சி.யூ.வில் மாலை ஐந்து மணிக்கு ஒருவரை அனுமதிப்பார்கள். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று சீக்கிரம் காட்டினால் நேரத்துக்குப் போய்விடுவேன். அவளுக்குக் கை இன்னும் நடுங்குகிறதாம். பிடித்துக்கொள்ள என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?