ஏறிக்கொண்டே போன புனே டிக்கெட்

"அந்த ஏரோப்ளேன்காரன் நம்ம தேங்கா யாவாரத்தையே காப்பியடிச்சுப்போட்டான் புள்ள."

உடுமலைப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூர் வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த தேங்காய் வியாபாரி தன் மனைவியிடம் இப்படிச் சொன்னார். அவர் போனில் புனே டிக்கெட் விலை தெரிந்தது. அங்கே அவர்கள் மகளுக்கு இது பிரசவ மாதம் என்பது பேச்சிலிருந்து புரிந்தது.

"அவசரமாப் போறவன்னு தெரிஞ்சா ஏத்திப்போடறான்."

"ஏனுங்க, பண்டிகைக்கு வெல ஏறட்டும்னு நீங்க காயைக் குடோன்ல அடுக்கி வெக்கலீங்களா?"

"முந்தி நேராப் போற ப்ளேன் இருந்துது. கூட்டமில்லைன்னு நிறுத்திப்போட்டான். இப்ப சென்னை போயி மாறோணும்."

"வெள்ளகோவிலுக்கு லோடு அனுப்பறதை நீங்க ஏனுங்க நிறுத்துனீங்க?"

"கட்டுப்படியாகலை."

"அவனுக்கும் ஆயிருக்காதுங்க."

"இரு, ரெண்டு நாள்ல எறங்கீரும்."

"போன வாரமும் இதத்தானுங்க சொன்னீங்க."

பொள்ளாச்சி தாண்டியதும் அந்த அம்மாளின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு பொறந்துருக்குங்க! தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்களாம். வெல எறங்கட்டும்னு உங்க பேத்தி காத்துட்டு இருக்கலீங்க."

வியாபாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை மளமளவென்று தட்டினார்.

"நாளைக்குக் காலைல ப்ளேன். ரெண்டு பேருக்கும் போட்டாச்சு."

"வெல பாத்தீங்களா?"

"பாக்கலை. பாத்தா மறுக்கா எறங்கட்டும்னு தோணும் புள்ள."