பேய்முகத்தைத் திருப்பியதும் மூடிமேல் உட்கார்ந்ததும்

என் பெயர் செல்லப்பாண்டி, வயது 47, தகப்பனார் சிவனணைந்தபெருமாள். முக்காணியில் குடியிருக்கிறேன். இரண்டாம் வகுப்பு வரை படித்தேன், கையெழுத்துப் போடுவேன். சொந்த மிஷின் வள்ளத்தில் ஆட்களை ஏற்றித் தாமிரபரணி ஆற்றைச் சுற்றிக்காட்டிப் பிழைக்கிறேன்.

13-9-75 சனிக்கிழமை நாசரேத்து வாத்தியார் தேவபிரசாதம் குடும்பத்தோடு என் வள்ளத்தில் வந்தார். வழியில் கரையோரத்துப் பழைய நாடகக்கூடத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். நூறு பேருக்குமேல் கொள்ளாத சின்னக் கூடம். பதினொரு மணிக்கு வள்ளத்தைப் படித்துறையில் கட்டினேன். பன்னிரண்டுக்குள் கிளம்பாவிட்டால் கடல் வற்றத்தோடு ஆற்றுத் தண்ணீரும் இறங்கி வள்ளம் படிக்கல்லில் உட்கார்ந்துவிடும் என்று கூடத்துக் காவலர் பர்னபாஸிடம் சொன்னேன். "ஒம்ம வள்ளத்துக்காக ஓடிக்கிட்டே காட்ட முடியுமாவே?" என்றார்.

அதன்பின் மேடையைக் காட்டினார். பேய்வேஷக்காரர் மேலே வருவதற்கு மேடையில் குழியும் அதற்குப் பலகை மூடியும் உண்டு. குழிக்குள் பேய்முகம் சுவரைப் பார்த்துத் தொங்கும். ஏசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கு நாடகத்தன்று வேஷம் போடுகிறவர் மாதாகோவில் பங்குச்சாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் அதைத் திருப்பவேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்றார். மூன்று தலைமுறையாய்த் தன் குடும்பத்துக்குத்தான் அந்த வேஷம் என்றார். "அண்ணாச்சிக்கு முகமூடி எதுக்கு? அப்படியே ஏறலாம்லா" என்றேன். வாத்தியார் சம்சாரம் சிரித்தார். பர்னபாஸ் சிரிக்கவில்லை.

அதன்பின் அவர்கள் வேஷ அறைக்குள் போனபோது நான் குழியில் இறங்கி, பேய்முகத்தைத் திருப்பி மாட்டிக்கொண்டு, அவர்கள் வந்ததும் தலையை நீட்டிக் கத்தினேன். பர்னபாஸ் என் தலையைக் காலால் அமுக்கி, மூடியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "ஏலே, பேயா இருக்க ஆசைப்பட்டேல்லா, இரு" என்றார். விளையாட்டு என்று நினைத்து நானும் உள்ளிருந்து சிரித்தேன். மூடியைத் திறக்க வாத்தியார் கிட்டே போனதற்கு, பர்னபாஸ் நாடகத்து மரவாளை ஓங்கினாராம். மாதாகோவிலில் பன்னிரண்டு மணி அடித்தது. "வள்ளம் போயிரும் அண்ணாச்சி, திறங்க" என்று கெஞ்சினேன். "பங்குச்சாமி வந்து சொல்லட்டும்" என்றார். பங்குச்சாமி திருச்செந்தூர் போயிருந்தது அவருக்குத் தெரியும்.

வந்த இடத்தில் மேடையை உடைக்கக்கூடாது என்று பொறுத்தேன். அதன்பின் வெகுநேரம் கழித்து ஆற்றுப்பக்கம் பலகை முறிகிற சத்தம் கேட்டது. அதற்குமேல்தான் தோளால் முட்டி மூடியை உடைத்தேன். பர்னபாஸ் சரிந்து விழுந்து முழங்கை பெயர்ந்தது. வள்ளம் படிக்கல்லில் சாய்ந்து அடிப்பலகை பிளந்து கிடந்தது. எனக்கு வேறு பிழைப்பு கிடையாது.

நான் மேடையை உடைக்க வந்தவன் என்று அவர் புகார் கொடுத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டால் வாபஸ் வாங்குவார் என்று ஏட்டையா சொன்னார். பேய்முகத்தைத் திருப்பியது என் தப்பு. அதற்குப் பங்குச்சாமி முன்னால் முழங்கால் போடத் தயார். மூடிமேல் உட்கார்ந்தது பேய் அல்ல, பர்னபாஸ். அவரிடம் கேட்கமாட்டேன். என் புகாரையும் பதியவேண்டும்.

நான் சொல்லச்சொல்ல எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். கூட்டியும் இல்லை, குறைத்தும் இல்லை, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) செல்லப்பாண்டி