மிச்சம் வைத்த மாத்திரை

ஹலோ... ஹலோ, ஆஸ்பத்திரி சிஸ்டர்தானே? ... வணக்கம், வணக்கம். ... மொத ரிங்லயே எடுத்துட்டேனா? போன் பக்கத்துல கிடந்துச்சு, அதான்.

... ம், சாப்பிட்டேன். ... ஆமா, ஆமா, வயிறு நெறைய. வெறும் வயித்துல மலேரியா மாத்திரை போட்டா குடலைப் பிடிச்சு முறுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க, மறப்பேனா? ... ஜுரமா? அது போன வாரமே போயாச்சு. காட்டு ரோட்டுல லோடு ஏத்தப் போன எடத்துல கொசு கொடுத்த சீதனம். வந்த வழியே அனுப்பி வெச்சாச்சு.

... ஒண்ணுக்கா? தெளிவாத்தான் போகுது. ... இல்லல்ல, டிக்காஷன் கலரெல்லாம் இல்ல. அப்படிப் போனா மாத்திரைய நிறுத்திட்டு அந்த நிமிஷமே ஓடி வரணும், தெரியும். ... கண்ணும் மஞ்சளா இல்ல. பெத்தவகூட என்கிட்ட இதெல்லாம் கேட்டதில்ல சிஸ்டர்!

... என்னது, மாத்திரை இன்னியோட முடியுதா? ... ஓ. ... அப்ப இனிமே போன் வராதா? ... இல்ல, சும்மா கேட்டேன்.

... மாத்திரை அட்டையா? இருக்கு, தலகாணிக்குப் பக்கத்துலயே இருக்கு. ... மூணு இருக்கு. ... ஆமா, மூ...

ஹலோ? ... இருக்கேன், இருக்கேன். ... ஒண்ணுதான் இருக்கணுமா? ... அங்கயே தப்பா எண்ணிக் கொடுத்திரு... ... சரி சரி, கத்தாதீங்க. ... ஐயோ, யாருக்கும் கொடுக்கல. கீழ டயர் கடைக்காரரு கேட்டாரு, 'எனக்கும் குளிருது, ஒண்ணு தாய்யா'ன்னு. ரத்தம் பாக்காம இதத் தொடக் கூடாது, போய் டெஸ்ட் பண்ணுய்யான்னு வெரட்டிட்டேன். ... வாந்தியும் எடுக்கல. ... மறக்கவும் இல்ல.

வேணும்னுதான் வெச்சேன்.

... ஏன்னா... எப்படிச் சொல்றது, சிரிக்கக் கூடாது. மாத்திரை தீந்தா நீங்க போன் பண்ண மாட்டீங்க. மிச்சம் இருந்தா பண்ணுவீங்கல்ல?

...

திட்டுங்கம்மா. ... இத்தனை வருஷமா லாரி ஓட்டுறேன். போன் வந்தா 'எங்க இருக்கே, எப்ப வருவே, லோடு எறக்கியாச்சா', இதான். சாப்பிட்டியான்னு ஒருத்தன் கேட்டதில்ல. ... மாத்திரைக்காகத்தான் கேக்குறீங்க, எனக்குத் தெரியாதா? இருந்தாலும் சாயங்காலம் ஆனா காது போன்கிட்டயே போயிடுது. வண்டியவும் வேற டிரைவர் எடுத்துட்டுப் போயிட்டான். ரூம்ல நானும் இந்த ஃபேனும்தான். அதுவாவது கடகடன்னு எதையோ பேசிக்கிட்டிருக்கு.

... ம். ... ம். ... மலேரியாக் கிருமி ஈரல்லயா? ஜுரம் விட்டாலும் உள்ள பதுங்கியே கெடக்குமா? ... மாசக்கணக்கு கழிச்சுக்கூட திரும்ப வருமா? ஐயய்யோ, ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கும்போது குளிர் தூக்கிப் போட்டா? ... அது எனக்குத் தோணவே இல்ல சிஸ்டர். சத்தியமா தோணல. எதிர வர்றவனுக்கும் குடும்பம் குட்டின்னு இருக்கும்ல.

இருங்க, இதோ, மூணையும் சேத்து ஒரே முழுங்கா... ... போடல, போடல! கீழ வெச்சிட்டேன். ... புரியுது, விட்டதுக்கும் சேத்துப் போடக் கூடாது. இன்னிக்கு ஒண்ணுதான். மிச்சத்துக்கு டாக்டரைக் கேட்டுட்டு... சரி.

... இல்ல. ... சாப்பிடல. ... பொய்தான் சொன்னேன். சாப்பிட்டேன்னு சொன்னா உங்க குரல்ல ஒரு சந்தோஷம் வருது, அதான். ... ரொட்டி இருக்கு, வாழைப்பழம் இருக்கு. ... இப்பவேவா? நீங்க லைன்லயே இருப்பீங்களா? ... அங்க இன்னும் எத்தனை பேருக்குப் பேசணுமோ... ... சரி, சரி, திங்கிறேன்.

... ம்... மெல்லுறேன், கேக்குதா? ... மெதுவாத்தான். வேகமா முடிச்சா நீங்க வெச்சிடுவீங்களே. ... இல்ல, தண்ணி குடிச்சிட்டேன்.

... ஆச்சு. முழுங்கிட்டேன். ... சத்தியமா.

... என்ன? நாளையிலேருந்து ஆஸ்பத்திரிக்கே வந்து கண்ணு முன்னாடி போடணுமா? ... அட, வரேன்! காலையிலயே வரேன், ஷேவிங் பண்ணிட்டு வரேன். நீங்க எந்தப் பக்கம் உக்காந்திருப்பீங்க? ...

ஓ. ... நீங்க போன் ரூம் மட்டும்தானா. அது வேற கட்டடமா. ... பரவால்ல. பரவால்ல சிஸ்டர். அங்கயும் யாராவது இருப்பாங்கல்ல. ... ஆமா, சாப்பிட்டுட்டுத்தான் வருவேன். இந்தத் தடவ நெஜமா.

... இல்லம்மா, நீங்களே வைங்க. ... எனக்கு மொதல்ல வெச்சுப் பழக்கமில்ல. எப்பவும் அந்தப் பக்கம்தான் வைப்பாங்க.

... ம். இருக்கேன். ... நீங்க இருக்கீங்களா? ...

வெச்சிட்டாங்க.