வகுபடுமா என்று தெரிந்துகொள்ள

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இணைப்பு அண்ணனின் அறையில் மட்டும்தான் உண்டு. அதனால்தான் என் கம்ப்யூட்டரும் அங்கே இருந்தது. வேறு காரணம் இல்லை, இன்ஸ்பெக்டர்.

நான் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் குளிர்காலம் முதல் ஒரே ஒரு எண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தது. இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் வரும் எண். அச்சடித்தால் பல ஆயிரம் பக்கம் போகும். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் அது வகுபடாது என்று உறுதியானால், கண்டுபிடித்தவன் பெயர் நிற்கும். சோதனையின் கடைசிப் படியில் பூஜ்யம் வர வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மூக்கில் குழாயோடு, ஆக்சிஜன் மெஷின் பக்கத்தில் படுத்தபடி, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என் கம்ப்யூட்டரைக் காட்டுவார்.

"அதான் தம்பி பொண்டாட்டி. மாசக்கணக்கா முனகுறா, இன்னும் வாயத் திறக்கல."

வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் அண்ணி மருந்துக்கடைக்குக் கிளம்பினார். "கரன்ட் போனா கம்ப்யூட்டரை அணைச்சிடுங்க தம்பி. பேட்டரி பழசு, ரெண்டையும் தாங்காது" என்றார். சரி என்றேன்.

கரன்ட் போனது. கொஞ்ச நேரத்தில் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. இரண்டு பிளக்கில் ஒன்றைப் பிடுங்கினேன்.

அண்ணன் கையைத் தூக்கினார். "டேய், மாத்திப் புடுங்கிட்டடா."

குரலில் கோபமே இல்லை. சின்ன வயதில் நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டால் அப்படித்தான் சொல்வார்.

"இல்லண்ணே, சரியாத்தான் புடுங்கினேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவரை நான் தொடவேயில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்க்கவில்லை. கரன்ட் வந்ததும் மெஷினைத் திரும்பச் செருகினேன். அண்ணி வரும்போது அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் விடை வந்தது. பூஜ்யம் இல்லை. அந்த எண் வகுபடும். எதனால் வகுபடும் என்று அந்தச் சோதனை சொல்லாது. வகுபடும் என்பதை மட்டும் சொல்லும். அத்தனை மாதம் காத்திருந்தவனுக்குக் கிடைத்தது அதுதான். அண்ணன் உயிர் போனதுகூட வீணாகிவிட்டதே என்ற வருத்தத்தில் அண்ணியிடம் நடந்ததைச் சொன்னேன். என் வருத்தம் அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். அவர் செருப்புக்கூடப் போடாமல் உங்களிடம் வந்துவிட்டார்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. கம்ப்யூட்டரை அணைத்திருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கால் மணிக்கொரு தடவை செய்த வேலையை அதுவே சேமித்துக்கொள்ளும். அதிகம் போனால் அந்தக் கால் மணி நேர வேலை போயிருக்கும்.

ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை எனக்கு யார் திருப்பித் தந்திருப்பார்கள்?