அறை 614-இல் ஓர் இலவச இரவு

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பெயரும் தகப்பனார் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத் தாளின் தலைப்பில் அதிகாரி எழுதியிருப்பது சரி. மேற்படி முகவரியில் மூன்றாம் மாடியில், இரண்டு அறை உள்ள வீட்டில், என் மனைவியுடனும் அவள் தம்பியுடனும் வசித்து வந்தேன். இப்போது தனியாக இருக்கிறேன். ஜெராக்ஸ் மெஷின்களைப் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக மெக்கானிக். வேலை செய்யும் இடத்தில் என்னை ஓசி அண்ணன் என்று கூப்பிடுவார்கள். நான் எவரிடமும் எதையும் ஓசியில் வாங்கியவன் அல்ல. எனக்குச் சேர வேண்டியதை விடாமல் வாங்குவேன், அவ்வளவுதான்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு ஹோட்டல் கம்பெனியின் கிரெடிட் கார்டு வாங்கினேன். அதற்கு வருடச் சந்தா உண்டு. பதிலுக்கு, வருடம் முழுவதும் குறிப்பிட்ட தொகைக்குக் கார்டைத் தேய்த்தால் அவர்களுடைய ஹோட்டலில் ஓர் இரவு இலவசம், காலை டிபன் இலவசம், பகல் பதினொன்றுக்குக் காலி செய்ய வேண்டிய அறையை மாலை நாலு வரை வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் ஆசை காட்டிக் கடனில் தள்ளுகிற வேலை என்று பலர் சொல்வார்கள். கையாளத் தெரியாதவர்கள் பேசுகிற பேச்சு அது. தேவையில்லாத ஒரு குண்டூசியைக்கூட நான் அந்தக் கார்டில் வாங்கியதில்லை. கம்பெனிக்கு வாங்கும் ஸ்பேர் பார்ட்ஸ், வீட்டு மளிகை, கரண்ட் பில், பக்கத்து வீட்டு டீச்சரின் வாஷிங் மெஷின் என்று எப்படியும் நடக்கப்போகிற செலவுகளை மட்டும் அதில் தேய்த்து, அவரவரிடம் பணத்தைக் கையோடு வாங்கி, கெடுவுக்கு ஐந்து நாள் முன்பே முழுத்தொகையும் கட்டிவிடுவேன். ஏழு வருடத்தில் ஒரு காசு வட்டி கட்டியதில்லை. அதிகாரி பேங்கில் விசாரித்துக்கொள்ளலாம்.

இலவச இரவை எப்போதும் அறை வாடகை உச்சத்துக்கு ஏறும் நாள் பார்த்துத்தான் எடுப்பேன். மலிவான நாளில் எடுத்தால் சலுகை வீண். இந்த வருடம் அப்படிப் பார்த்துப் பார்த்தே நாள் போய்விட்டது. என் மனைவி மருந்து பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் தொழிற்சாலையில் ஷிப்டு சூப்பர்வைசர். அவள் மூன்று முறை லீவு போட்டு, மூன்று முறையும் நான் சொன்னதால் ரத்து செய்தாள். "நாம ரூமுக்குப் போறோமா, இல்ல ஏலத்துக்குப் போறோமா?" என்று ஒரு தடவை கேட்டாள். கடைசியில் பதினெட்டாம் தேதியோடு சலுகை காலாவதி என்று வந்து நின்றபோது அவளுக்கு லீவு மிச்சமில்லை.

அவள் தம்பிக்கு வயது முப்பத்தொன்பது. பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். சர்க்கரைக்கு மாத்திரை போதாமல் ஊசி என்று ஆனதும் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பதினான்கு மாதமாக எங்கள் வீட்டு சோபாவில் படுத்தான். அவன் உயரத்துக்கு அந்த சோபா பற்றாது. அவனைப் பாரம் என்று நான் ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. ஆனால் அவன் ஃபேனை மூன்றில் வைத்தால் நான் எழுந்து போய் இரண்டில் வைப்பேன். பத்தொன்பதாம் தேதி பகல் இரண்டரைக்கு வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் சூப்பர்வைசர் வேலைக்கு அவனுக்கு நேர்காணல் வந்தது. அந்த இடம் மேற்படி ஹோட்டலிலிருந்து இரண்டு தெரு. வேலை கிடைத்தால் தனியாக அறை எடுத்துப் போய்விடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். ஆகவே இரவு வீணாகாமல் அவன் அங்கே தங்கி, நன்றாகத் தூங்கி, குளித்துக் கிளம்பட்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். "ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்கட்டும்" என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள்.

இலவச இரவில் கார்டுக்காரர் தங்காமல் வேறு ஆளை மட்டும் தங்கவைக்கக் கூடாது என்பது விதி. எனவே பதினெட்டாம் தேதி மாலை நான் போய் கவுண்டரில் கார்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு, அறை 614-க்குச் சாவி வாங்கினேன். மறுநாள் நாலு மணிக்குத்தான் காலி செய்வேன் என்றும் சொல்லிப் பதிவு செய்தேன். அதன் பிறகு கார் நிறுத்தும் தளத்துப் படிக்கட்டு வழியாக மச்சானை மேலே கூட்டிப்போய், அறையைக் காட்டி, வீட்டிலேயே எழுதிக்கொண்டு போயிருந்த தாளைக் கொடுத்தேன். அதிகாரி இப்போது என்னிடம் காட்டிய தாள் அதுதான். எழுத்து என்னுடையதுதான். ஃபிரிட்ஜில் இருக்கும் எதையும் தொடாதே, தண்ணீர் பாட்டில் மட்டும் இலவசம் என்றும், அறை போன் அடித்தால் எடுக்காதே என்றும், கதவில் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டையை மாட்டிவை என்றும், டிபனுக்குப் பத்து மணிக்குப் போ, பத்தரைக்கு மூடுவார்கள், அப்போது சாப்பிட்டால் மதியத்துக்கும் சேர்த்துத் தாங்கும் என்றும் எழுதியிருந்தேன். வீட்டில் அவனுக்குத் தினமும் எட்டு மணிக்கு ஊசி, எட்டேகாலுக்குச் சாப்பாடு. அக்கா தட்டு வைப்பாள். இது எனக்குத் தெரியும். தாள் எழுதும்போது ஞாபகம் வரவில்லை. அவன் தாளைப் படித்துவிட்டு, "பரீட்சைக்குக்கூட இவ்வளவு படிச்சதில்ல அத்தான்" என்றான். அதன் பிறகு நான் அதே படிக்கட்டு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் தேதி காலை ஒன்பதே காலுக்கு அவன் என் போனுக்குக் கூப்பிட்டான். நான் அப்போது ஒரு வக்கீல் ஆபீசில் மெஷினைத் திறந்து வைத்து டிரம் மாற்றிக்கொண்டிருந்தேன். "அத்தான், ஃபிரிட்ஜ்ல ஒரு ஆரஞ்சு ஜூஸ் இருக்கு, எடுத்துக்கட்டுமா?" என்றான். "அங்க அது ஆறு மடங்கு வெல மாப்ள. இன்னும் முக்கா மணி நேரம்தானே, கீழ போனா அண்டா அண்டாவா வச்சிருப்பான்" என்றேன். அவன் சிரித்து, "சரி அத்தான்" என்றான். குரல் கொஞ்சம் குழறியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். ஊசி போட்டாயா என்று கேட்கவில்லை. அதன் பிறகு அவன் என்னைக் கூப்பிடவில்லை.

அன்று பதினொன்று இருபதுக்கு ஹோட்டலிலிருந்து ஒரு பெண் என் போனுக்குப் பேசினார். அறை போன் நெடுநேரம் அடித்தும் யாரும் எடுக்கவில்லை, அறையைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்பலாமா, எல்லாம் சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டார். அவன் தாளில் எழுதியபடி நடக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆள் அனுப்பினால் குட்டு உடைந்துவிடும், கார்டையே ரத்து செய்துவிடுவார்கள் என்று பயந்தேன். ஆகவே வக்கீல் ஆபீஸ் வராந்தாவுக்கு வந்து நின்று, அறையில் படுத்திருப்பவன்போல் குரலைத் தாழ்த்தி, "நான் ரெஸ்ட் எடுத்திட்டிருக்கேன். நாலு மணி வரைக்கும் யாரும் வர வேண்டாம்" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டு போனை வைத்தார். இந்தப் பேச்சு ஹோட்டலில் பதிவாகியிருப்பதாகச் சொல்லி அதிகாரி எனக்குப் போட்டுக் காட்டினார். அது என் குரல்தான்.

அதன் பிறகு ஒன்றரைக்கு நானாகக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நேர்காணலுக்குக் கிளம்பியிருப்பான் என்று இருந்துவிட்டேன். நாலு பத்துக்கு ஹோட்டல்காரர்கள் கதவைத் திறந்தபோது அவன் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே, பேண்ட் மட்டும் போட்டு, ஒரு காலில் செருப்போடு கிடந்தான் என்று பிறகு சொன்னார்கள். நேர்காணலுக்கு இஸ்திரி போட்ட சட்டை நாற்காலியில் இருந்தது. ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் மனைவியிடம் பேசும்போது நான் பக்கத்தில் நின்றேன். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்ததால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது, உயிர் பிரிந்தது பகல் ஒரு மணிக்கு மேல் என்றார். "பன்னெண்டு மணிக்குள்ள யாராவது பாத்திருந்தா ஒரே ஒரு குளுக்கோஸ் ஊசி போதும்மா. எழுந்து உக்காந்திருப்பார்" என்றார். என் மனைவி அழவில்லை. என்னைப் பார்த்து, "காலைல உங்ககிட்ட பேசினானா?" என்று கேட்டாள். நான் மறைக்காமல் ஒன்பதே கால் பேச்சைச் சொன்னேன். பதினொன்று இருபது பேச்சையும் சொன்னேன். "அந்த ஜூஸ் என்ன வெல?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் தன் பையைத் திறந்து அந்தத் தொகையை எண்ணி என் சட்டைப்பையில் வைத்துவிட்டு, கூட வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றோடு பதினோரு நாள். நான் போன் செய்தால் எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

வேண்டுமென்றே செய்தாயா என்று அதிகாரி கேட்டதற்கு, இல்லை என்று சொல்கிறேன். அவன்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. அவனுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். அதே நேரத்தில் என் சலுகையும் வீணாகக் கூடாது என்று நினைத்தேன். இரண்டில் எது முன்னால் நின்றது என்று கேட்டால், என்னால் சத்தியம் செய்ய முடியாது.

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி கேட்டதற்கு, ஒன்று இருக்கிறது. இருபதாம் தேதி காலை அவன் பையை வாங்க ஹோட்டலுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்க்காமல் பையைக் கொடுத்துவிட்டு, பில்லையும் நீட்டினார். அறை வாடகை இல்லை, டிபன் இல்லை, ஃபிரிட்ஜில் எடுத்தது இல்லை, கட்ட வேண்டியது பூஜ்யம் என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு திருப்தி வந்தது. ஒரு விநாடிதான் இருக்கும். ஆனால் வந்தது. அவன் பை என் கையில் இருக்கும்போதே வந்தது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, இதற்குச் சட்டத்தில் பிரிவு இருக்காது என்று அதிகாரி சொன்னார். இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று நான்தான் கேட்டேன்.

மேலே உள்ளவை யார் வற்புறுத்தலும் இல்லாமல் நானாகச் சொன்னவை. எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். எந்த வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)