பகலவன் பிஸ்த்ரோவின் கடைசி ஓனர்

ராத்திரி மணி பன்னிரண்டரை. ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் பிரிகிற சாலை. செகண்ட் ஷிஃப்ட் பஸ்கள் போய்விட்டால் அங்கே ஈ காக்கா கிடையாது... ஒரு பக்கம் கம்பெனி காம்பவுண்டு, இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் பைக்கில் தனியாகப் போனவன் ஜீவானந்தம். பென்னலூர்க்காரன், நம்ம கம்பெனி லைனில் வேலை செய்கிற ரஞ்சனிக்கு அத்தை மகன். ரஞ்சனி சத்தியம் பண்ணிச் சொன்ன விஷயம் இது. சிரிக்கிறவர்கள் கதை முடிந்த பிறகு சிரித்துக்கொள்ளலாம்.

அவன் போனது மூடிக்கிடந்த ஓர் ஓட்டலுக்கு. டிவியில் வந்து பிரபலமானாரே ஷெஃப் பகலவன், அவர் ஆரம்பித்த பிரெஞ்சு ஓட்டல், பகலவன் பிஸ்த்ரோ. கார் கம்பெனிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களை நம்பி இங்கேயும் ஒரு கிளை போட்டார். மொத்தம் ஏழு கிளை. ஜீவா இங்கே ஆறு வருஷம் சூப் அடுப்பில் நின்றான்.

பிறகு பகலவன் கடைகளை விற்றார், கூடவே தன் பேரையும் விற்றார். வாங்கிய மும்பைக்காரன் சிங்கப்பூர்க்காரனிடம் தள்ளிவிட்டான். சிங்கப்பூர்க்காரன் ஹைதராபாத்தில் யாருக்கோ கைமாற்றினான். கை மாற மாற ஒவ்வொரு கிளையாக ஷட்டர் இறங்கியது. கடைசியாக இது. ஒரு சனிக்கிழமை வேலைக்கு வந்தவர்கள் கேட்டில் தொங்கிய பூட்டைத்தான் பார்த்தார்கள். அது நடந்து எட்டு மாதம்.

ஜீவாவுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். 'இவர் இங்கே ஆறு வருஷம் சமைத்தார், இப்போது இங்கே வேலையில் இல்லை' என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இருந்தால் தண்டலம் பக்கம் புதிதாக வந்த பெரிய ஓட்டலில் வேலை. இல்லையென்றால் கேன்டீன் காண்டிராக்டில் அரிசி கழுவிக்கொண்டே காலம் தள்ள வேண்டியதுதான்.

பகலவன் ஆபீஸில், "பேரு மட்டுந்தான் சாரோடது, கடை இல்ல" என்றார்கள். மும்பையில், "வித்தாச்சு" என்றார்கள். சிங்கப்பூருக்குப் போட்ட மெயில் கிணற்றில் போட்ட கல். ஹைதராபாத்தில் ஒருவன் சொன்னானாம், நாங்கள் பேரைத்தான் வாங்கினோம், ஆட்களை வாங்கவில்லை என்று. எரிச்சல் வருமா வராதா? ஆறு வருஷம் அனலில் வெந்தவனுக்கு உன் ஓனர் இவர்தான் என்று சொல்ல ஒரு நாதி இல்லை!

மறுநாள் காலையில் இண்டர்வியூ. அவனை வேலைக்கு எடுத்தபோது கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டராவது கையில் இருந்தால் பேசிப் பார்க்கலாம். அது இருக்கிற பைல் உள்ளே, மேனேஜர் ரூமில் கிடந்தது. பகலில் இடத்துக்காரரின் ஆட்கள் கேட்டையே திறக்கவில்லை. ராத்திரி வாட்ச்மேன் அப்பாவு தெரிந்தவர். அதனால்தான் அந்த நேரம்.

"சாவி தரேன், நான் உள்ள வரமாட்டேன்" என்றார் அப்பாவு. "பைலை எடுத்துகினு வந்துகினே இரு. எவனாவது கூப்ட்டா வாயத் தொறக்காதே. மூணு தபா கூப்ட்டாத்தான் மனுசன்."

"உள்ள யாருண்ணா கீறாங்க கூப்டறதுக்கு? ஓனரே யாருன்னு தெரியாத கடை!"

"அதுக்குத்தான் சொல்றேன்."

கரண்ட்டை வெட்டி ஏழு மாதம். செல்போன் வெளிச்சத்தில் எலிப்புழுக்கை, தூசி, பழைய எண்ணெய்ச் சிக்கு நாற்றம்... பைல் சுலபமாகவே கிடைத்தது. சமையலறை வழியாகத் திரும்பும்போதுதான்... வெண்ணெய். உருகுகிற வெண்ணெயில் வெங்காயம் நிதானமாக வதங்குகிற வாசனை. அடுப்பைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது.

கிர்ர்ர்... டக்.

ஆர்டர் சீட்டு அடிக்கிற மெஷின். அதன் பிளக் தரையில் கிடந்தது.

அப்புறம் குரல். பகலவன் குரல் இல்லை, அது ஊருக்கே தெரியும். பழைய மேனேஜர் குரலும் இல்லை. அவசரமே இல்லாத ஒரு குரல்.

"நாலாம் டேபிள்... வெங்காய சூப் ரெண்டு."

அந்தச் சமையலறைக்கு ஒரு சட்டம் உண்டு. ஆர்டரைச் சொன்ன மறுநொடி, கையில் கொதிக்கிற சட்டியே இருந்தாலும், அந்த அடுப்பில் நிற்கிறவன் "வீ, ஷெஃப்!" என்று கத்த வேண்டும். பிரெஞ்சில் 'சரிங்க ஷெஃப்'. கத்திவிட்டால் அந்த ஆர்டர் அவன் தலையில். முடிக்காமல் இடத்தைவிட்டு நகரக்கூடாது. கத்தாதவனை முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறு வருஷம், நாளைக்கு நூறு தடவை... அப்பாவு சொன்னதெல்லாம் புத்தியில் இருந்தது. வாய் புத்தியைக் கேட்கவில்லை.

"வீ, ஷெஃப்!"

முதல் தடவைக்கே.

வாசனை சட்டென்று நின்றது. சீட்டைக் கம்பியில் குத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜீவா விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். கேட்டுக்கு வந்துதான் மூச்சு விட்டான். அப்பாவு பூட்டைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

காலையில் இண்டர்வியூ நன்றாகவே போனது. ஆள் எடுக்கிற அதிகாரி ரத்னா என்று ஒரு அம்மா, அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். சமைத்துக் காட்டச் சொன்னார்கள், ருசி பார்த்த ஷெஃப் தலையை ஆட்டினார். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருந்த பழைய ஓட்டல் நம்பரை ரத்னா குறித்துக்கொண்டார்.

"சாயங்காலம் ஒரு தடவை அடிச்சுப் பாக்கறேன். யாரும் எடுக்கலைன்னா மூடிட்டாங்கன்னு எழுதிக்கறேன், போதும்."

"யாரு மேடம் எடுக்கப் போறாங்க?" என்று ஜீவா சிரித்தான். எட்டு மாதத்தில் அன்றுதான் சிரித்தானாம். யாரும் போனை எடுக்காமல் இருந்தால் போதும், வேலை அவனுக்கு.

சாயங்காலம் ஆறு மணிக்கு ரத்னாவிடமிருந்து போன் வந்தது.

"ஏன் ஜீவானந்தம் இப்படிப் பண்ணீங்க? ஓட்டல் நல்லாத்தானே நடக்குது. முதல் ரிங்லயே எடுத்தாங்க. பின்னால பாத்திரச் சத்தம்கூடக் கேட்டுச்சு."

"அந்த லைனையே வெட்டிட்டாங்க மேடம்! எடுத்தது யாரு? ஓனரா? பேரு சொன்னாரா?" அப்போதும் அவன் வாயில் அந்தக் கேள்விதான் வந்தது.

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? ஜீவானந்தம் டியூட்டில இருக்கார், ஆர்டர முடிக்காம அனுப்ப முடியாதுன்னார். அப்புறம் போனை உங்ககிட்ட குடுத்தார்..." ரத்னா குரலை உயர்த்தினார். "காலையில அரை மணி நேரம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? 'நான் எங்கயும் வரல மேடம், இங்கதான் இருக்கேன்'னு நீங்களேதானே சொன்னீங்க?"